ரெண்டு கதிரைக் கார்

என் அத்தானுக்குத் துக்கம் வந்தால் அழமாட்டார். காருக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவார்.

வீட்டின் பக்கத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று இருந்தது. கார் நிற்பது அதற்குள்தான். பழைய சாக்கு ஒன்றை விரித்து, மல்லாந்து உள்ளே நழுவிவிடுவார். கால்கள் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களைப் பார்த்து நிலவரம் சொல்ல என் அக்கா பழகியிருந்தாள். பெருவிரல்கள் ஆடினால் மனுசன் உண்மையாகவே எதையோ முறுக்குகிறார், கழற்றுகிறார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கலாம். பெருவிரல்கள் அசையாமல் இருந்தால் சும்மா படுத்திருக்கிறார். தானாக எழும்பி வரும்வரை ஒருவரும் கூப்பிடக் கூடாது. இது அந்த வீட்டுச் சட்டம். அக்கா அதை மீற யாரையும் விட்டதில்லை.

அவருடைய தாய் மோசம்போனபோதும் அப்படித்தான். சுடலையால் திரும்பிக் குளித்ததும் நேரே கொட்டிலுக்குப் போய்விட்டார். ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர் ஒருவர் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "தம்பி, மனதைத் தேற்றிக்கொள்" என்று என்னவெல்லாமோ சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "பின் ஸ்பிரிங் கீச்சிடுது அண்ணை. கிறீஸ் காணாது, இன்னும் பூசவேணும்." அந்த மனுசன் அதை ரவுண் கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அக்காவோடுதான் நான் இருந்தேன். கல்யாணம் கட்டவில்லை. ஆசுப்பத்திரியில் தாதி வேலை. பிற்காலத்தில், காலையில் ஊரார் இடுப்புகளுக்கு மருந்து தடவிவிட்டு, பின்னேரம் அத்தானின் காரில் ஏறி என் இடுப்பை உடைத்துக்கொள்வதே என் வாழ்க்கையாக இருந்தது.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, கடற்படை அதிகாரி ஒருவன் விட்டுப்போன கார் அது. திறந்த மேல்பக்கம், நீண்ட மூக்கு, பாசிப்பச்சை நிறம். நிலத்தோடு ஒட்டினாற்போல ஓடும். இரண்டே இருக்கைகள். பின்னால் ஒரு பெட்டி வைக்க இடம் இருக்கும், அவ்வளவுதான். அத்தான் அப்போது துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஒரு கிளாக்கருக்கு இது ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். ஊர் அதற்கு ரெண்டு கதிரைக் கார் என்று பெயர் வைத்தது. "கதிரை ரெண்டுதான். மாமியார் வந்தா எங்க ஏத்துவியள்?" என்று கந்தோரில் பகிடி பண்ணுவார்களாம்.

வலப்பக்கக் கதிரை அத்தானுடையது. இடப்பக்கக் கதிரை என் அக்காவுக்கு உரியது என்றுதான் நினைப்பீர்கள். அக்காவுக்கு அதில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். அதனால் இடப்பக்கம் அவர்களுடைய ஒரே மகள் சரோவுக்குப் போயிற்று. பள்ளிக்கூடம், கோயில், நிலாவெளிக் கடல் என்று எங்கே போனாலும் அவள்தான். கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே நின்றால் எழும்பி நின்று கைதட்டிக் கலைப்பாள். அவள் வளர வளர அத்தான் காரின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தார். "பிள்ளை இப்ப நல்ல கனம்" என்பார். அவர் வாயில் வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அது. ஒருவரைப் பிடித்திருந்தால், ஆளைத் தூக்கிப் பார்த்தவர் மாதிரி "நல்ல கனம்" என்பார். பிடிக்காதவர்களின் கனத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

சரோ படித்து ரீச்சராகி, முதல் வேலையாக வெருகல் பக்கம் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனாள். போன இடத்தில், அங்கே மீன்பிடித்தும் காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்தும் வாழ்கிற குடும்பத்துப் பையன் ஒருவனைக் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல பையன், அவள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன். ஆனால் எங்கள் ரவுண் ஆட்கள் அந்தச் சனத்தைத் தங்களுக்குக் கீழாக வைத்துக் கதைக்கிற விதம் இருக்கிறதே, அதை எழுதக் கை கூசுகிறது. அத்தான் கத்தவில்லை, அடிக்கவில்லை. "என்ர கார் அந்தத் திசைக்குத் திரும்பாது" என்றார். பிறகு கொட்டிலுக்குள் போனார். பெருவிரல்கள் வெகுநேரம் அசையவில்லை. சரோ பெட்டியோடு கொட்டில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போய்விட்டாள். அவளும் அந்த வீட்டுச் சட்டத்தில் வளர்ந்த பிள்ளை அல்லவா.

அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங் பைத்தியம் தொடங்கியது.

முதலில் காரை இறக்கினார். கொழும்பில் கார்ப் பந்தயம் ஓடுகிற ஒருவரிடமிருந்து குட்டையான, இறுகின ஸ்பிரிங்குகளை எடுப்பித்துப் போட்டார். ஏற்கெனவே நிலத்தில் ஊர்கிற கார் இன்னும் தாழ்ந்தது. உவர்மலை வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் சரோவின் கதிரையில் இப்போது ஏறித் திரிகிற எனக்கு, றோட்டில் ஒரு சிரட்டை கிடந்தால்கூட முதுகெலும்பில் தெரியும். "அத்தான், இது கார் இல்லை, அம்மி" என்றேன். "வளைவில பாத்தனீயோ மச்சாள், ஆடவே இல்லை" என்றார்.

காரை இறக்கின கையோடு கிண்ணியாப் பக்கம் ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போனார். வெருகலுக்குத் தரைவழியாகப் போவதென்றால் ஆறுகளையும் களப்புகளையும் கடக்க வேண்டும். வாகனங்களை ஏற்றிக் கயிற்றால் இழுத்துக் கொண்டுபோகிற பெரிய மிதவைகள் இருந்தன. அதை நாங்கள் பாதை என்போம். கரையிலிருந்து பாதைக்கு ஏறப் பலகைச் சரிவு போட்டிருக்கும். அத்தானின் கார் முதல் பாதையின் சரிவிலேயே வயிறு தட்டி நின்றது. பின்னால் நின்ற லொறிக்காரன் தூஷணத்தால் பேசினான். அத்தான் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து சாப்பிட இருந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.

"பாதையில ஏறாது" என்றார் அக்காவிடம். "நான் என்ன செய்ய? கார் ஏறாது."

அக்கா சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அடுத்த கிழமையே ஒரு பையில் பலகாரமும் சீலையும் கட்டிக்கொண்டு லோஞ்சில் ஏறினாள். துறைமுகத்திலிருந்து லோஞ்ச் விரிகுடாவைக் குறுக்கே வெட்டி மூதூருக்குப் போகும். அங்கிருந்து பஸ். தோப்பூர் தாண்டி அவ்வளவுதான். பாதையும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். மீன்காரி, மாட்டு வியாபாரி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் அதில்தான் போய் வருகிறார்கள். அத்தானும் போயிருக்கலாம். அவர் போகமாட்டார். போவதென்றால் காரில்தான் போவார். கார் ஏறாது. ஆகவே போக ஏலாது. கணக்கு அவருக்குச் சரியாக வந்தது.

சரோவுக்கு மூத்தவன் பிறந்த செய்தியை அக்கா கொண்டுவந்து சொன்னபோது அவர் சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் சில நாட்களின் பின் காருக்குக் கீழே தீப்பெட்டிகளை அடுக்கி, நிலத்துக்கும் காரின் வயிற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்குவார், ஒன்றை எடுப்பார், மறுபடி வைப்பார். அப்போதே அக்காவிடம் சொன்னேன்: "மனுசன் இளகுது."

இளகியது, ஆனால் மாட்டு வண்டில் வேகத்தில். எந்த ஸ்பிரிங் போடுவது என்று யோசித்தே இரண்டு மாரி போயிற்று. சாப்பாட்டு மேசையில் கரண்டியை வளைத்துக் காட்டுவார். கோயில் வீதியில் நின்று லொறிகளின் பின்பக்கத்தைக் குனிந்து பார்ப்பார். ஒரு நாளைக்கு மெத்தென்ற ஸ்பிரிங்தான் நல்லது என்பார். மறுநாள், மெத்தென்றால் சாமான் ஏற்றத் தாழ்ந்துபோகும் என்பார். "ஒண்டைத் தெரிஞ்செடுங்கோவன்" என்று அக்கா கெஞ்சினாள். "அவசரப்பட்டுச் செய்யிற வேலை இல்லை இது" என்று பதில் வரும்.

கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டு காசிம் காக்காவின் கராஜுக்குப் போனார். காசிம் காக்கா கிண்ணியா முஸ்லிம் ஆள்; அவர்களில் அண்ணன் முறையானவரைக் காக்கா என்போம். கெட்டிக்காரன்தான், ஆனால் பொறுமை கிடையாது. ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் கையிலிருக்கிற, ஆணி முறுக்குகிற சாவியை நிலத்தில் எறிவார். அத்தானோ ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்கிறவர். இரண்டு பேரும் எப்படி அவ்வளவு காலம் சிநேகிதமாக இருந்தார்களோ தெரியாது.

"ஐயா, கடைசித் தரமாச் சொல்றன்" என்றார் காசிம் காக்கா. "மூண்டு வழி இருக்கு. உங்கட பழைய உசரமான ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டு, குலுக்கம் அடக்கிற சொக் அப்சோபருக்குத் தடிச்ச எண்ணெய் ஊத்தலாம். சொகமாப் போகும். ஆனா சாமான் ஏத்தினா வயிறு முட்டும். ரெண்டாவது, புது மாதிரிக் குழாய் சொக் அப்சோபர் போடலாம். வளைவில நல்லாப் பிடிக்கும், கிரவல் றோட்டில உங்கட பல்லைக் கழட்டும். மூண்டாவது, பழைய ஸ்பிரிங்கோட பின்னுக்கு ஒரு இரும்புப் பட்டை கூட வைக்கிறது. வண்டி உசந்து நிக்கும், பாதையில ஏறும். ஆனா ஒராள் தனியப் போனா ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். ரெண்டு பேரும் சாமானும் ஏறினாத்தான் படிஞ்சு ஓடும். இப்ப சொல்லுங்க, எத்தின பேர் போறீங்க?"

"போகேக்க ஒராள்" என்றார் அத்தான்.

"வரேக்க?"

அத்தான் காரின் இடப்பக்கக் கதிரையைத் துடைத்தார். "வரேக்க ரெண்டு பேர்."

காசிம் காக்கா என்னைப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. சாவியை எறியவில்லை. "அப்ப மூண்டாவதுதான் ஐயா" என்று மெதுவாகச் சொன்னார். "போகேக்க உங்கட இடுப்பு முறியும். வரேக்க சொகமா இருக்கும்."

"காரியமில்லை" என்றார் அத்தான்.

பட்டை போட்டு முடிந்ததும் ஓடிப் பார்க்க என்னை இடப்பக்கம் இருத்தினார். பின்னால் ஒரு அரிசி மூட்டை. உட்துறைமுக வீதியால் போய், உவர்மலை ஏறி இறங்கி, கண்டி றோட்டில் தம்பலகாமம் வரை ஓடினோம். நெல் ஏற்றின ட்ரக்டர்கள் உடைத்துப்போட்ட றோட்டு அது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கார் குழிகளில் இறங்கி ஏறியது, தொட்டில் மாதிரி.

"எப்பிடி இருக்கு மச்சாள்?"

"நல்லா இருக்கு அத்தான். உண்மையா நல்லா இருக்கு."

இன்னொரு குழியில் காரை இறக்கி ஏற்றினார். பிறகு றோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீயும் சரோவும் ஒரு கனம்தான் வருவியள்."

அவள் போன பிறகு அந்தப் பெயரை அவர் சொன்னது அன்றைக்குத்தான். நான் மறுபக்கம் திரும்பிக் குளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தூசி என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தூசியும் இருந்தது.

சரோவுக்கு இரண்டாவதாகப் பெண்பிள்ளை பிறந்து, துடக்குக் கழிக்கிற நாளுக்கு அக்காவும் நானும் லோஞ்சில் போயிருந்தோம். அன்று மத்தியானம் அத்தான் வந்து சேர்ந்தார். எல்லாப் பாதையும் ஏறி இறங்கி, தலையிலிருந்து கால்வரை செம்மண். வீட்டுக்கு முன்னால் கடல் மணல். சில்லு புதைந்து கார் நின்றுவிட்டது. மருமகனும் அவனுடைய தம்பிமாரும் ஓடிப்போய்க் காரை அப்படியே தூக்கி இறுகின நிலத்தில் வைத்தார்கள்.

"வாங்க ஐயா, உள்ளுக்கு வந்து இரிங்க" என்றான் மருமகன். மாமா என்று கூப்பிட அவனுக்கு ஆசை இருந்திருக்கும். யார் அனுமதி கொடுத்தார்கள்?

அத்தான் அவனைப் பார்க்காமல் சில்லைப் பார்த்தார். "இந்த மணலுக்கு முன் ஸ்பிரிங் காணாது" என்றார். அது நன்றியா, குறையா என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் மொழிபெயர்த்துச் சொல்ல ஏலுமா?

சரோவின் மூத்தவன் வந்து அவருடைய சாரத்தைப் பிடித்தான். அத்தான் குனிந்து அவனைத் தூக்கினார். ஒரு தரம் இறக்கி மறுபடி தூக்கினார். "நல்ல கனம்" என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்றார். இளநீர் மட்டும் போதும் என்றார். அதுவும் சீவிக் கொடுக்க விடவில்லை, கத்தியை வாங்கித் தானே சீவினார். அந்த வீட்டில் சமைத்ததைத் தொடமாட்டார் என்பது குசினிக்குள் நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்த மணலிலேயே புதைத்திருப்பேன். மருமகன் போய் இன்னொரு இளநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

பிறகு அத்தான் எழும்பி மகளிடம் சொன்னார்: "வெளிக்கிடு பிள்ளை. கார் இப்ப சரி. ரெண்டு பேருக்கு நல்லாப் படிஞ்சு ஓடும். குலுக்காது."

சரோ கைக்குழந்தையோடு நின்றாள். காரைப் பார்த்தாள். அவள் சின்னப் பிள்ளையில் ஏறித் திரிந்த கார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிரம்பிவிட்டது.

"கதிரை ரெண்டுதானே அப்பா" என்றாள். "நாங்கள் நாலு பேர்."

அத்தான் காரைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை காலமும் அதை அடியில் படுத்துப் பார்த்தவர், தீப்பெட்டி அடுக்கி அளந்தவர். மேலே எத்தனை கதிரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டவர் மாதிரி நின்றார்.

"பிள்ளையளை மடியில வைச்சா..." என்று தொடங்கினார்.

"இவர்?" என்றாள் சரோ. மருமகன் தென்னைமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "அப்பா, நாலு பேரையும் வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. கார் வேண்டாம். லோஞ்சில வாறம். நடந்தெண்டாலும் வாறம்."

ஒரு சொல்தான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அது அவர் தொண்டை வரைக்கும் வந்தது. நான் கண்டேன். அவர் குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "பட்டையில ஒரு ஆணி இளகிப்போச்சு" என்று சாவியை எடுத்தார். முறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பெட்டி இல்லை, ஆள் இல்லை. கார் துள்ளித் துள்ளி மண் றோட்டால் போனது. சரோ உயர்த்திய கையை, புழுதி அடங்குமட்டும் இறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை எங்கள் வீதியில் காண்பவர்களுக்குச் சிரிப்பு. இரண்டு பேருக்குப் போட்ட ஸ்பிரிங்கில் ஒரு மனுசன் தனியாக, பக்கத்துக் கதிரை வெறுமையாக, ஒவ்வொரு குழியிலும் எழும்பி விழுந்துகொண்டு கந்தோருக்குப் போவார். "ஐயா, அந்தப் பட்டையைக் கழட்டிவிடுறன், இடுப்புக்கு நல்லது" என்று காசிம் காக்கா எத்தனையோ முறை கேட்டார்.

"இருக்கட்டும் காக்கா" என்பார். "ஆக்கள் ஏறினாச் சரிவரும்."

ஊர் சிரித்தது, நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கராஜில் புதுக் கேள்வி தொடங்கியது. இரண்டு கதிரைக்கும் பின்னால், பெட்டி வைக்கிற இடத்தில், ஆட்கள் உட்கார ஒரு பலகை வாங்கு அடித்தால் என்ன? காசிம் காக்கா சாவியை எறிந்தார். "இது ரெண்டு பேருக்குச் செஞ்ச சாமான் ஐயா! நாலு பேருக்கெண்டா நாலு கதவுக் கார் ஒண்டு எடுங்க!" அத்தான் சாவியைப் பொறுக்கிக் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார்: "அகலம் காணாதெண்டா, சின்னப் பிள்ளையள் இருக்கக் காணும்தானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டிலுக்குள் போய்க் கேட்டேன்: "அத்தான், வாங்கு என்னத்துக்கு? ஒரு சொல்லுத்தானே அவள் கேட்டவள்?"

"மச்சாள், அவள் சொன்ன நாலு பேரெண்டாப் பின்னுக்குக் கனம் கூடும்" என்றார், என் முகத்தைப் பாராமல். "ஒரு பட்டை காணாது. இன்னும் போடவேணும். அது பாத்துத்தான் செய்யவேணும்."

நாலு பேர் என்று அவர் வாயால் வந்துவிட்டது. அது மருமகனையும் சேர்த்த கணக்கு. அதுதான் அவருடைய "வா". ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் சரோ, நின்றவள் நான். அக்கா அடுத்த லோஞ்சிலேயே போய் மகளிடம் சொன்னாள். சரோ சிரித்தாளாம், அழுதாளாம். "அதை அப்பா என்னட்டச் சொல்லட்டும் அம்மா" என்றாளாம். தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார்த்திப் பிரம்பால் விளாச வேண்டும் போல இருந்தது எனக்கு.

வாங்கு வந்தது. பலகை தெரிவு செய்வதற்கு ஒரு காலம், மெத்தை தைப்பதற்கு ஒரு காலம். பட்டை எத்தனை என்பதற்கு அதைவிடக் கூடிய காலம். பிள்ளைகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் இங்கே அவர்களுடைய கனத்தை அக்காவிடம் கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியாகக் காசிம் காக்கா புதுப் பட்டைகளைக் கொண்டுவந்து பூட்டினார். அடுத்த நாள் ஆணிகளை இன்னொருக்கால் இறுக்க வேண்டும் என்று அத்தான் சாக்கை விரித்துக்கொண்டு கீழே போனார். "கிழமை முடிய ஒருக்கா அங்கால போட்டு வரவேணும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் அன்றைக்கு ஆசுப்பத்திரியில். அக்கா பின்னேரத் தேத்தண்ணியோடு கொட்டில் வாசலுக்கு வந்தாள். கால்கள் வெளியே தெரிந்தன. பெருவிரல்கள் அசையவில்லை. மனுசனுக்கு மனம் சரியில்லை, மகளை நினைத்துப் படுத்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். கூப்பிடவில்லை. தேத்தண்ணியை வாசல் கல்லில் வைத்து மூடிவிட்டு, சத்தம் செய்யாமல் உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தோடு வந்தபோதுகூட, "அங்கால போய் விளையாடுங்கோ, ஐயா படுத்திருக்கிறார்" என்று கலைத்தாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. கால்களைத் தொட்டவள் நான். நெஞ்சடைப்பு. சாவி இன்னும் கையில் இருந்தது. அந்த நேரமே கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று டொக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் நம்பவில்லை. அவள் உயிரோடு இருந்தவரைக்கும் பின்னேரத்தில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

சரோ செத்தவீட்டுக்கு லோஞ்சில் வந்தாள். நாலு பேரும் வந்தார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லாத வீட்டில், மூத்த பேரன் கொள்ளிக்குடம் தூக்கினான். மருமகன் பின்னால் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அவர்கள் கைபட்ட தண்ணீரை வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம், வீட்டில் சந்தடி அடங்கியபோது, சரோ கொட்டிலுக்குப் போனாள். நானும் போனேன். கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அசிங்கமாக நின்றது. நாலு பேருக்குப் போட்ட ஸ்பிரிங் அல்லவா. பிள்ளைகள் இருவரும் ஒருவரும் சொல்லாமலே பின்வாங்கில் ஏறிக்கொண்டார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது அவர்களுக்கு இருந்தது. சரோ இடப்பக்கக் கதவைத் திறந்து தன் கதிரையில் உட்கார்ந்தாள். கார் மெல்லக் கீழே இறங்கியது. பின்பக்கம் படிந்தது. ஆனால் முழுவதும் சரிவரவில்லை. இடப்பக்கமாகச் சரிந்து நின்றது.

"அப்பா இன்னும் பாத்துச் செய்திருக்கலாம் சின்னம்மா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கதவின் மேல் தலையை வைத்து அழுதாள்.

மருமகன் கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, நீங்களும் ஏறுங்கோ. நாலு பேருக்கெண்டு செய்தது. ஒருக்கால் சரிவரட்டும்."

அவன் வலப்பக்கக் கதவின் கைப்பிடியைத் தொட்டான். திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டான்.

"அது மாமாட கதிரை, சின்ன மாமி" என்றான்.